இடி பக்கம் திரும்பும் முள்

ஏ.டி.எஃப். என்று நாங்கள் சொல்லும் திசைகாட்டி ரிசீவருக்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது. எது உரக்கக் கேட்கிறதோ அந்தப் பக்கம் முள்ளைத் திருப்பிவிடும். தரையிலிருந்து நாங்கள் ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்கும் பீக்கன் உரக்கக் கேட்டால் பீக்கனைக் காட்டும். பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கோடை மேகம் திரண்டு பீக்கனைவிடப் பெரிதாகக் கத்தினால், கொஞ்சமும் கூச்சமில்லாமல் மேகத்தைக் காட்டும். எந்த மேகத்தை விமானி சுற்றிக்கொண்டு போகவேண்டுமோ அதன் வாசலுக்கே வழிசொல்லும் கருவி என்று அலகாபாத் பம்ரௌலி பயிற்சி மையத்தில் கிண்டல் செய்வார்கள். கிண்டல்தான், ஆனால் பொய்யில்லை.

திருச்சி விமான நிலையத்தில் ரேடியோ வழிகாட்டிக் கருவிகளைப் பராமரிக்கும் பிரிவில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. நான் சேர்ந்தபோது அது சிவில் ஏவியேஷன் துறை. 1986இல் தேசிய விமான நிலைய ஆணையம் ஆனது, 1995 ஏப்ரலில் இந்திய விமான நிலைய ஆணையம் ஆனது. வாசலில் போர்டு மாறியது, சம்பளச் சீட்டின் நிறம் மாறியது. கூடத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பீக்கன் அடையாளம் சரியாகப் போகிறதா என்று கேட்கும் வேலை மட்டும் அப்படியே இருந்தது.

வீடு ஸ்ரீரங்கத்தில். சத்திரம், ஜங்ஷன் என்று பஸ் மாறி புதுக்கோட்டை ரோட்டில் இறங்கவேண்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து இந்தத் துறைக்குப் போனவர்களில் ஊரறிந்தவர் சுஜாதா. எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு சிவில் ஏவியேஷனில் இருந்தார், பிறகு பெங்களூர் பி.இ.எல்.லுக்குப் போனார். அப்படி ஒருவர் வளர்ந்த ஊரிலும் என் வேலையை யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. எங்கள் வரிசையில் ஒரு பாட்டிக்கு ராத்திரி கச்சேரி கேட்காவிட்டால் தூக்கம் வராது. சித்திரை மாதம் வந்தால் திண்ணையில் என்னைப் பிடித்துக்கொள்வார்.

"ஏண்டாப்பா, நீ ஏரோட்ரோம் ரேடியோவிலதானே இருக்கே? இந்தக் கரகரப்பை நிறுத்தப்படாதா?"

"அது மேகம் பண்றது பாட்டி. நான் என்ன பண்ண?"

"மேகமா? வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லையேடா!"

பாட்டி கேட்டதுதான் சரியான கேள்வி. அதற்கான பதிலைத்தான் எங்கள் பாடப் புத்தகங்கள் பல அத்தியாயங்களில் சொல்லின.

ஒரு மின்னல் என்பது சுமார் 30,000 ஆம்பியர் மின்சாரம் சில பத்து மைக்ரோ செகண்டுகளில் பாய்ந்து முடிவது. அது ஒரு பிரமாண்டமான, ஒழுங்கற்ற டிரான்ஸ்மிட்டர். அதன் சக்தி பெரும்பாலும் 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த அலைவரிசைகளில் இருக்கிறது. மேலே போகப்போகக் குறையும். 300 கிலோஹெர்ட்ஸில், அதாவது எங்கள் பீக்கன் இருக்கும் இடத்தில், இன்னும் பலமாகவே இருக்கும். திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸிலும் உண்டு. 30 மெகாஹெர்ட்ஸைத் தாண்டினால் அநேகமாக ஓய்ந்துவிடும். உலகம் முழுக்க ஒரு விநாடிக்கு நாற்பதுக்கு மேற்பட்ட மின்னல்கள் அடிக்கின்றன. அவற்றில் பெரும்பங்கு மூன்று இடங்களில்: மத்திய ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, மலேயா-இந்தோனேசியத் தீவுகள். மூன்றாவது நமக்கு வங்காள விரிகுடாவுக்கு அக்கரைதான்.

பகலில் அயனமண்டலத்தின் அடித்தட்டான டி அடுக்கு, தூரத்திலிருந்து வரும் இந்த அலைகளை விழுங்கிவிடுகிறது. சூரியன் இறங்கியதும் அந்த அடுக்கு கலைந்துபோகிறது. அதற்கு மேலுள்ள அடுக்குகள் அலைகளைத் தரைக்குத் திருப்பி அனுப்புகின்றன. சுமத்ராவில் அடித்த மின்னல் ஸ்ரீரங்கத்துத் திண்ணையில் கேட்பது இப்படித்தான். வானத்தில் ஒரு பொட்டு மேகம்கூட வேண்டாம்.

1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளைஞரை இந்தக் கரகரப்பை ஆராயச் சொன்னார்கள். கடல்கடந்த டெலிபோன் பேச்சைக் கெடுப்பது எது என்று அவர் கண்டுபிடித்துச் சொல்லவேண்டும். 20.5 மெகாஹெர்ட்ஸில் சுழலும் ஏரியல் ஒன்றைக் கட்டி அவர் இரைச்சலை மூன்றாகப் பிரித்தார்: பக்கத்து இடி, தூரத்து இடி, இரண்டும் அல்லாத ஒரு மெல்லிய சீரான உஸ். மூன்றாவது நம் பால்வெளி மண்டலத்தின் மையத்திலிருந்து வருகிறது என்று அவர் கண்டதில்தான் ரேடியோ வானியல் பிறந்தது. உலகம் அந்த மூன்றாவதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது. முதல் இரண்டோடு மல்லுக்கட்டியவர்கள் நாங்கள். நம் நாட்டிலும் எஸ்.வி. சந்திரசேகர அய்யா என்ற பேராசிரியர் 1950களில் புனேயில் உட்கார்ந்து வெப்பமண்டல இடி இரைச்சலை அளந்தார், பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். மேல்நாட்டு அளவுகளை வைத்து நம்மூர் டிரான்ஸ்மிட்டர்களுக்குக் கணக்குப் போட முடியாது என்பது அவரைப் போன்றவர்களால் தெரியவந்தது.

வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் எல்லோரும் முதல் மாதத்திலேயே ஒரு யோசனை சொல்வார்கள். "சார், இன்னும் சென்சிட்டிவான ரிசீவர் வாங்கி விமானத்துல வெச்சா சரியாப் போயிடுமே?" போகாது. பெஞ்சில் சிக்னல் ஜெனரேட்டரை மாட்டி அளக்கும்போது நல்ல ரிசீவருக்கும் சுமாரான ரிசீவருக்கும் வித்தியாசம் தெரியும். ஏரியலை மாட்டியவுடன் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். ஏனென்றால் மீடியம் வேவ் பக்கம் இரவில் வானத்திலிருந்து வரும் இரைச்சல், ரிசீவர் தானாக உண்டாக்கும் வெப்ப இரைச்சலைவிடப் பல கோடி மடங்கு பெரியது. காந்தி மார்க்கெட் கூச்சலில் காதுக்கு மெஷின் வைத்துக்கொண்டால் பக்கத்து ஆள் பேச்சும் கூடும், கூச்சலும் அதே அளவு கூடும். அந்த நிலைமைதான்.

ஆக, செய்ய முடிந்தது ஒன்றுதான்: அனுப்புகிற இடத்தில் பவரைக் கூட்டவேண்டும். இதைச் சர்வதேச விதியே ஒப்புக்கொள்கிறது. பீக்கனின் எல்லைக்குள் அதன் வலிமை மீட்டருக்கு 70 மைக்ரோவோல்ட் இருந்தால் போதும் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. சொல்கிறது. ஆனால் பூமத்திய ரேகைக்கு வடக்கே 30 பாகை, தெற்கே 30 பாகை வரையிலான நாடுகளுக்கு 120 வேண்டியிருக்கும் என்று அதன் வழிகாட்டுதல் பகுதி சேர்த்துச் சொல்கிறது. 70க்கும் 120க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். பவர் கணக்கில் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. லண்டனில் ஒரு டிரான்ஸ்மிட்டர் செய்யும் வேலைக்குத் திருச்சியில் மூன்று வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருச்சி 11 பாகைக்குச் சற்று கீழே இருக்கிறது.

பவர் கூட்டுவதும் சொல்வதுபோல் சுலபமில்லை. 300 கிலோஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 1,000 மீட்டர். முறையாகக் கால் அலைநீளத்துக்கு ஏரியல் நிறுத்தவேண்டுமானால் 250 மீட்டர் உயரம் வேண்டும். 1987இல் கட்டி முடித்த எங்கள் ராஜகோபுரமே 72 மீட்டர்தான். ஓடுபாதைக்குப் பக்கத்தில் அப்படி ஒன்றை நிறுத்தினால் வழிகாட்ட வைத்ததிலேயே விமானம் மோதும். அதனால் இரண்டு சிறிய கம்பங்களுக்கு நடுவே டி வடிவத்தில் கம்பி கட்டி, அடியில் மண்ணுக்குள் செம்புக் கம்பிகளை விசிறியாகப் புதைத்து, நடுவில் ஒரு டியூனிங் பெட்டியை வைத்துச் சமாளிப்போம். அனுப்பும் பவரில் பெரும்பகுதி மண்ணைச் சூடாக்கத்தான் போகும், மிச்சம்தான் வானத்துக்கு.

அந்த டியூனிங் பெட்டியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தீராது. ஒரு சின்ன அறை, உள்ளே பெரிய காயில், ஓர் அம்மீட்டர், ஏரியலை ஒத்திசைவுக்குக் கொண்டுவரும் கைப்பிடி. சித்திரையில் தரை கட்டாந்தரையாகக் காய்ந்து கிடக்கும்போது ஏரியல் கரண்ட் ஓர் அளவில் நிற்கும். ஐப்பசி மழையில் மண் ஊறி, இன்சுலேட்டர்கள் நனைந்து, ஒத்திசைவு நகர்ந்துவிடும். முள் சரிந்து கிடக்கும். காயிலைக் கொஞ்சம் திருப்ப வேண்டும், காத்திருக்க வேண்டும், மறுபடி கொஞ்சம். எந்த நேரத்தில் வானத்து இரைச்சல் உச்சத்தில் இருக்கிறதோ அதே நேரத்தில் எங்கள் பீக்கனின் பலம் குறையும். ஐப்பசியில் இரண்டும் சேர்ந்துதான் வரும். போதாக்குறைக்குப் பல்லிகள். சூடான காயிலுக்கு இரவில் பல்லி ஏறும். இரண்டு சுற்றுக்கு நடுவில் வால் பட்டால் பொறி பறக்கும், பீக்கன் நிற்கும். காலையில் கதவைத் திறந்தால் கருகிய வாடை சொல்லிவிடும்.

பீக்கன் பற்றி விமானி சொல்லும் குறை டவர் வழியாக எங்களுக்கு வரும். "சார், கொழும்பு ஃப்ளைட் உங்க பீக்கன் ஆடுதுங்கறான்." உடனே மானிட்டரைப் பார்ப்போம், அளவுகளைக் குறிப்போம், லாக் புத்தகத்தின் ரிமார்க்ஸ் கட்டத்தில் எழுதுவோம். நேரம், விமானம் இருந்த திசை, தூரம், என்ன ஆயிற்று, வானம் எப்படி இருந்தது. எனக்கு மூத்தவர் ஒருவர் வானத்தைக் கட்டாயம் எழுதச் சொல்வார். தெற்கே மின்னல், சத்தமில்லை என்று எழுதாவிட்டால் கையெழுத்துப் போடமாட்டார். எழுதி எழுதிப் பார்த்தபோது குறைகள் சாதிவாரியாகப் பிரிந்தன.

முதல் சாதி, பக்கத்து இடி. சித்திரை, வைகாசி மாலைகளில் நான்கு மணிக்கு மேல் வரும். ஹெட்போனில் 'டப், டப்' என்று தனித்தனியாக விழும். ஒவ்வொரு அடிக்கும் முள் துள்ளி மேகத்தைக் காட்டிவிட்டுத் திரும்பி வரும். மின்னல் முடிய மைக்ரோ செகண்டுகள்தான் ஆகும், பிறகு முள் ஏன் அத்தனை நேரம் தடுமாற வேண்டும்? ரிசீவருக்குள் இருக்கும் வடிகட்டிதான் காரணம். பக்கத்து நிலையங்களை ஒதுக்குவதற்காக அதை மிகக் குறுகலாகச் செய்திருப்பார்கள். குறுகலான வடிகட்டியைத் தட்டினால் அது நெடுநேரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். வெளியே மைக்ரோ செகண்டுகளில் முடிந்த அடி உள்ளே பல மடங்கு நீண்டுவிடும். இதற்கு மருந்து, வடிகட்டிக்கு முன்னாலேயே அடியின் தலையைச் சீவிவிடுவது. நல்ல ரிசீவர்களில் அதைச் செய்திருந்தார்கள். முள் துள்ளாமல் இருக்க அதன் வேகத்தைக் குறைத்தும் பார்த்தார்கள். அப்படிச் செய்தால் பீக்கனுக்கு மேலே விமானம் கடக்கும்போது முள் திரும்பத் தாமதமாகும். ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடியும்.

இரண்டாவது சாதி, அந்திக்குப் பிறகு வருவது. முள் துள்ளாது, சோம்பலாக அலையும். பீக்கனின் சொந்த அலையே ஒரு பங்கு தரையோடு வந்தும், ஒரு பங்கு அயனமண்டலத்தில் பட்டுத் திரும்பியும் ஒன்றோடொன்று சண்டை போடும். தூரத்தில் இருக்கும் விமானத்துக்குத்தான் இது. கிட்டே வரவரச் சரியாகும். தூரத்து இடியின் சீறலும் அதே நேரத்தில் ஏறுவதால் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

விமானத்திலேயே கிளம்பும் இரைச்சலும் உண்டு. பனித்துகள் நிறைந்த மேகத்தில் விமானம் உரசிக்கொண்டு போகும்போது அதன் உடம்பில் மின்னேற்றம் சேரும். இறக்கை நுனியிலிருந்து அது கசியும்போது ஏ.டி.எஃப். செவிடாகும். இதைக் கசியவிடத்தான் இறக்கையின் பின்விளிம்பில் மெல்லிய குச்சிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் பாருங்கள்.

நான் அதிகம் ரசித்தது வேறொரு சாதியை. ஒரு வருஷம் மாசி, பங்குனியில் குறை வந்துகொண்டே இருந்தது. இறங்க வரும் விமானங்கள் ஏறக்குறைய ஒரே இடத்தில் பீக்கன் மேல் 'ர்ர்ர்' என்று ஒரு உறுமல் கேட்கிறது என்றன. இடியில்லை, இரவுமில்லை. எங்கள் மானிட்டரில் சுத்தமாக இருந்தது. துவாக்குடி, அரியமங்கலம் பக்கத்துப் பட்டறைகள்மேல்தான் முதல் சந்தேகம். பி.எச்.இ.எல். தொழிற்சாலை வந்த பிறகு திருச்சியைச் சுற்றி வெல்டிங் பட்டறை இல்லாத தெருவே இல்லை. டிக் வெல்டிங்கில் பொறியைக் கிளப்பும் உயர் அலைவரிசைப் பெட்டி நல்ல டிரான்ஸ்மிட்டர். ஆனால் வெல்டிங் விட்டுவிட்டு வரும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நிற்கும். இது நிற்கவில்லை. பிறகு ஒரு நாள் எதிர்பாராமல் மழை பெய்தது, உறுமல் ஓய்ந்தது. மூன்றாம் நாள் தரை காய்ந்ததும் திரும்ப வந்தது.

கூட இருந்த பையனுக்கு ஒரே ஆச்சரியம். "சார், மழைன்னா சத்தம் கூடணுமில்ல? ஏன் நின்னுபோச்சு?"

அங்கேதான் குட்டு வெளிப்பட்டது. மழையில் கூடும் இரைச்சல் உயர் அழுத்தக் கம்பியில் ஏற்படும் கொரோனா. மழையில் நிற்கும் இரைச்சல் எங்கோ இரண்டு உலோகத் துண்டுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளியில் பொறி பறப்பதால் வருவது. தண்ணீர் நனைத்தால் இடைவெளி மூடிக்கொள்ளும். ஆக, தேடவேண்டியது ஒரு மின்கம்பத்தை.

தேடியது ஒரு சாதாரண கையடக்க டிரான்சிஸ்டரை வைத்து. மீடியம் வேவின் கீழ்க்கோடியில் நிலையம் இல்லாத இடமாக வைத்துக்கொண்டு, சைக்கிளை நிறுத்தி நிறுத்தி ரேடியோவைத் தட்டாமாலை சுற்றவேண்டும். உள்ளே இருக்கும் ஃபெரைட் குச்சி எந்தத் திசைக்கு நேராக நிற்கும்போது உறுமல் அமுங்குகிறதோ அந்தக் கோட்டில்தான் ஆள் இருக்கிறான். இரண்டு இடத்திலிருந்து இரண்டு கோடு போட்டால் வெட்டிக்கொள்ளும் இடம் தெரிந்துவிடும். விமானத்தில் இருக்கும் ஏ.டி.எஃப். செய்வதும் இதேதான், மோட்டாரை வைத்துச் செய்கிறது. கோடுகள் வெட்டிக்கொண்ட இடத்தில் கருவேல மரங்களுக்கு நடுவே ஒரு பழைய கம்பம். பக்கத்தில் போனால் ரேடியோவைச் சுற்றவே தேவையில்லை, எல்லாப் பக்கமும் உறுமியது. லைன்மேன் வந்து ஒரு மரக்கட்டையால் கம்பத்தின் அடியில் ஓங்கித் தட்டினார். உறுமல் ஒரு கணம் திக்கியது.

"பைண்டிங் கம்பி லூசா இருக்கு சார். காத்துல ஆடி ஆடித் தேஞ்சிருக்கும்" என்றார் மேலே பார்க்காமலேயே. ஏறி, கம்பியை இன்சுலேட்டரோடு புதிதாக இழுத்துக் கட்டினார். டிரான்சிஸ்டரில் தூரத்து இடியின் மெல்லிய சடசடப்பு மட்டும் மிச்சமிருந்தது. அது இருக்கவேண்டியதுதான்.

இடியைக் காட்டுகிறதே என்று எல்லோரும் ஏ.டி.எஃப்.பைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவில் பால் ரயன் என்பவர் 1970களில் அதையே கருவியாக்கிவிட்டார். மின்னலின் ரேடியோ அடியை வைத்து மேகம் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் என்று திரையில் புள்ளி வைக்கும் ஸ்டார்ம்ஸ்கோப் அது. ராடார் வைக்க இடமில்லாத சின்ன விமானங்கள் பிழைத்தன. எங்கள் தொழிலில் இதைவிட அழகான திருப்பம் எனக்குத் தெரியாது.

மற்றபடி உலகம் தேர்ந்தெடுத்த வழி, இடியை விட்டு மேலே ஏறிவிடுவது. பீக்கனுக்கு அடுத்து வந்த திசைகாட்டி நிலையமான வி.ஓ.ஆர். 108 முதல் 118 மெகாஹெர்ட்ஸ். இறங்க வழிகாட்டும் ஐ.எல்.எஸ்.ஸில் ஓடுபாதை நடுக்கோட்டைக் காட்டும் பகுதி அதன் கீழ்ப்பாதியில், இறங்கு சரிவைக் காட்டும் பகுதி 330 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அங்கே இடியின் கை எட்டாது. வி.ஓ.ஆர். அறையில் முதன்முதலாக ஹெட்போன் மாட்டியபோது, வெளியே கோடை இடி வெளுத்துக் கட்டிக்கொண்டிருக்க, காதில் அடையாள ஒலி மட்டும் துல்லியமாகக் கேட்டது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை என்றுகூடச் சொல்லலாம். வேலை போய்விட்டதோ என்று தோன்றியது.

பிறகு ஜி.பி.எஸ். வந்தது. 1,575.42 மெகாஹெர்ட்ஸ். 20,000 கிலோமீட்டருக்கு மேலிருந்து வரும் அந்த சிக்னல் தரையை எட்டும்போது ரிசீவரின் வெப்ப இரைச்சலுக்கும் கீழே அமுங்கிக் கிடக்கும். தெரிந்த குறியீட்டோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் வெளியே இழுக்கிறார்கள். இடி அதைத் தொடாது. ஆனால் நம் தலைக்கு மேல் வேறொன்று காத்திருந்தது.

காந்தப் பூமத்திய ரேகை பூகோளப் புத்தகத்தில் இருக்கும் பூமத்திய ரேகை அல்ல. நம் பக்கத்தில் அது வடக்கே வளைந்து தென்கோடித் தமிழ்நாட்டை ஒட்டிப் போகிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கும், திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதற்கும் அதுவே காரணம். சூரியன் மறைந்த பிறகு இந்த ரேகைக்கு மேலே அயனமண்டலத்தின் அடிப்பகுதி குமுறி, எலெக்ட்ரான் குறைந்த குமிழிகள் மேலே கிளம்பும். அவற்றைக் கடந்து வரும் செயற்கைக்கோள் சிக்னல் நட்சத்திரம் மினுங்குவதுபோல் மினுங்கும், ரிசீவர் பிடியை விட்டுவிடும். சம இரவு நாட்களை ஒட்டிய மாதங்களில், சூரியன் கொதிக்கும் வருஷங்களில் இது அதிகம். வேடிக்கை என்னவென்றால் குமிழி பிறப்பது நம் பக்கத்தில், ஜி.பி.எஸ்.ஸுக்கு அதிகச் சேதம் வடக்கே அகமதாபாத், போபால், கொல்கத்தா வரிசையில். எலெக்ட்ரான்கள் இங்கே ஊற்றாகக் கிளம்பி அங்கே போய் விழுந்து குவிவதால் அப்படி.

மினுங்கல் இல்லாத பகல் நேரத்திலும் அயனமண்டலம் சிக்னலைத் தாமதப்படுத்திப் பல மீட்டர் தவறு காட்டும். இந்தத் தவறை அளந்து திருத்தி அனுப்பத்தான் இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் ககன் அமைப்பைக் கட்டின. அமெரிக்க, ஐரோப்பிய முறையை அப்படியே கொண்டுவந்து வைக்க முடியவில்லை. நம் வானத்துக்கென்று தனிக் கணக்கு போட வேண்டியிருந்தது. 70க்குப் பதில் 120 என்ற பழைய கதையேதான். 2015 ஏப்ரல் 21இல் ககனுக்கு இறங்கு வழிகாட்டலுக்கான சான்று கிடைத்தது. 2022 ஏப்ரல் 28இல் ராஜஸ்தான் கிஷன்கரில் ஒரு ஏ.டி.ஆர். விமானம் ககனைப் பிடித்து இறங்கியது.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஏ.டி.எஃப்.பில் சிக்னல் கெட்டால் எச்சரிக்கைக் கொடி எதுவும் விழாது. அதனால்தான் இறங்கி முடியும்வரை அடையாள ஒலியைக் காதில் வைத்திருக்கவேண்டும் என்று விமானிக்குப் பாடம். இடி வந்தால் முள் ஆடுவதற்கு முன்பே காது சொல்லிவிடும். ஜி.பி.எஸ்.ஸில் கேட்க ஒன்றுமில்லை. விமானத்தில் இருக்கும் சான்றளித்த ரிசீவர் தன் சந்தேகத்தைத் தானே கணக்குப் போட்டுச் சொல்லும், அது பெரிய விஷயம். ஆனால் கையில் இருக்கும் சாதாரண ரிசீவர் சந்தேகத்தை மறைத்து, படத்தில் நீலப் புள்ளியை அழகாக நகர்த்திக்கொண்டே இருக்கும். கரகரப்பைக் கேட்டுப் பழகியவன் இதை நம்ப யோசிக்கிறேன்.

தாழ் அலைவரிசைகளைச் செத்ததாக எழுதிவிடவும் வேண்டாம். நாகப்பட்டினத்திலும் பாம்பனிலும் கலங்கரை விளக்கத் துறை கப்பல்களுக்கு ஜி.பி.எஸ். திருத்தத்தை அனுப்பியது 300 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான், எங்கள் பீக்கனின் பக்கத்து வீடு. ஐப்பசி இடியில் அதற்கும் அதே பாடு. ஜி.பி.எஸ்.ஸை வேண்டுமென்றே மறிக்கும் கருவிகள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில், 100 கிலோஹெர்ட்ஸில் இயங்கிய லோரான் என்ற பழைய ரேடியோ வழிகாட்டி முறையைப் புது வடிவில் எழுப்பலாமா என்று பிரிட்டனும் தென் கொரியாவும் யோசிக்கின்றன. நம்மிடமும் வேராவல், டயமண்ட் ஹார்பர் பக்கம் லோரான் சங்கிலிகள் இருந்தன. 100 கிலோஹெர்ட்ஸில் இடி இன்னும் உக்கிரம். ஆனால் இப்போதைய டிஜிட்டல் ரிசீவர்களால் ஒவ்வொரு அடியையும் அடையாளம் கண்டு அந்தத் துண்டு நேரத்தை மட்டும் வெட்டி எறிய முடியும். நாங்கள் தலையைச் சீவியதைவிட நேர்த்தியான வேலை.

விமான பீக்கன்களை நாடு முழுக்க ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறார்கள். மூடவேண்டியதுதான், எனக்கு வருத்தமில்லை. செம்பை வெளியே எடுக்கிறார்கள், கம்பத்தை ஏலம் விடுகிறார்கள். அதோடு சேர்த்து லாக் புத்தகங்களும் எடைக்குப் போகின்றன. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மின்னலைச் செயற்கைக்கோள் கண்ணால் முறையாக எண்ணத் தொடங்கியது 1995க்குப் பிறகு. அதற்கு முந்தைய காலத்துக்கு வானிலைத் துறையின் பதிவில் இடி கேட்ட நாள் என்று குறிப்பு இருக்கும். எந்த மணிக்கு, எந்தத் திசையில், எத்தனை தூரம் வரை ரேடியோவைக் கெடுத்தது என்பது பீக்கன் அறைகளின் ரிமார்க்ஸ் கட்டத்தில் இருக்கிறது. மங்கிய நீல மையில், இரவு டியூட்டி பார்த்தவரின் கோழிக் கிறுக்கலில், ஆனால் நிமிஷம் தவறாமல். கோடை இடி கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, நேரம் நகர்ந்திருக்கிறதா என்று ஆராய நினைக்கும் மாணவருக்கு இது பயன்படும்.

உங்கள் நிலையத்தில், பழைய டியூனிங் அறையில், ஸ்டோர் அலமாரியின் அடித்தட்டில் அப்படிப்பட்ட புத்தகங்கள் கிடந்தால் கழிவு லிஸ்டில் சேர்ப்பதற்கு முன் மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அனுமதி கிடைத்தால் பக்கத்துக் கல்லூரி இயற்பியல் துறைக்கோ வானிலை ஆய்வு மையத்துக்கோ ஒரு போன் போடுங்கள். கொடுக்க முடியாதென்றால் கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படமாவது எடுத்து வையுங்கள். ரிமார்க்ஸ் கட்டம் வலது ஓரத்தில் இருக்கும், படத்தில் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.